ஈயப்பற்றும் பிரேக்கும்: புதுக்கோட்டைச் சாலைகளின் நூற்றாண்டு

புதுக்கோட்டைக்கு மோட்டார் வந்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு பேரைச் சுற்றியே சொல்கிறார்கள். ஒருவர் சீமையிலிருந்து கார் தருவித்த அரண்மனைக்காரர் அல்லது செட்டிநாட்டுத் தனவணிகர். இன்னொருவர் பஸ் விட்ட முதலாளி. இருவருக்கும் அந்தக் கதையில் இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வண்டி வாங்குவது ஒரு நாள் காரியம். அதை இருபது முப்பது வருஷம் சாலையில் ஓட வைப்பது நாள் தவறாத வேலை. பெட்ரோல் டேங்கின் ஒழுகும் மூட்டுக்கு ஈயப்பற்று வைத்தவரும், தேய்ந்த பிரேக் ஷூவில் புது லைனிங் அறைந்தவரும், சொறிந்துபோன சிலிண்டரைக் கடைசலில் ஏற்றிச் சரிசெய்தவரும் இல்லாதிருந்தால் மோட்டார் இந்த மண்ணில் சில காலம் வேடிக்கைப் பொருளாக இருந்துவிட்டுத் துருப்பிடித்து ஒழிந்திருக்கும். மோட்டாரை இங்கே நிலைநிறுத்தியது பழுதுபார்ப்பு என்பதே என் வாதம். அதற்கான சான்றுகளை அரசாணைகளில் தேடுவதைவிட, வண்டிகளின் அமைப்பிலும் அவை ஓடிய நிலத்திலும் ஏற்கெனவே இங்கிருந்த கைத்தொழில்களிலும் தேடுவதுதான் பலன் தரும்.

முதலில் நிலம். புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1,178 சதுர மைல் பரப்புள்ள சிறிய அரசு. கடல் கிடையாது. சுற்றிலும் திருச்சி, தஞ்சாவூர், இராமநாதபுரம் என்று ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகள். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லும் திருச்சிக்கு அதற்கடுத்த ஆண்டிலும் ரயில் வந்துவிட்டது. அங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் இருந்த புதுக்கோட்டைக்கோ திருச்சியிலிருந்து தண்டவாளம் வந்து சேர 1929 ஆயிற்று. மானாமதுரை வரை அது நீண்டது 1930-இல். இடைப்பட்ட சுமார் எழுபது ஆண்டுகள் சமஸ்தானத்துக்கு வெளியுலகத் தொடர்பெல்லாம் சாலைதான்: மாட்டுவண்டி, ஜட்கா, பிறகு மோட்டார். திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910-களின் தொடக்கத்தில் தம் தொழிலின் ஆரம்ப நாட்களில் பஸ் விட்ட தடங்களில் தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலையும் ஒன்று. ரயில் இருந்த ஊரில் பஸ் ரயிலுக்குத் துணை. இங்கே ரயிலின் இடத்தையே பஸ்தான் நிரப்ப வேண்டியிருந்தது.

இந்த வேற்றுமையில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. ரயில் ஒரு ஊருக்கு வரும்போது தன் பட்டறையையும் கூடவே கொண்டுவரும். தென்னிந்திய ரயில்வேக்கு நாகப்பட்டினத்தில் பெரிய பட்டறை இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் அது பொன்மலைக்கு இடம் மாறியது. வார்ப்பு, கடைசல், கொதிகலன் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கூடம், சம்பளத்துக்கு ஆள், சீமையிலிருந்து வரைபடம். பஸ்ஸுக்கு அப்படி ஒரு பின்னணி எதுவும் கிடையாது. முதலாளியின் தலைமைக் கொட்டகையில் நாலு கருவியும் ஒரு அனுபவசாலியும் இருக்கலாம். ஆனால் வண்டி நிற்பது கொட்டகைக்கு முன்னால் அல்ல, கந்தர்வகோட்டைக்கு இப்பாலோ அப்பாலோ ஏதோ ஒரு புளியமரத்தடியில். அங்கேயே யாராவது அதைச் சரிசெய்தாக வேண்டும். ஆகையால் மோட்டார் பழுதுபார்க்கும் தொழில் மேலிருந்து யாரும் நிறுவியதல்ல. வண்டி நின்ற இடங்களில் முளைத்தது.

அந்த வண்டிகளில் எது அடிக்கடி கெட்டது? 1908 முதல் 1927 வரை உலகெங்கும் ஒன்றரைக் கோடி விற்ற ஃபோர்டு ‘மாடல் டி’யை எடுத்துக்கொள்வோம். அதன் பெட்ரோல் டேங்க் நெடுங்காலம் முன் இருக்கைக்கு அடியிலேயே இருந்தது. பம்பு கிடையாது, பெட்ரோல் தன் எடையால் தானே கீழிறங்கி எஞ்சினுக்குப் போகும். செங்குத்தான மேட்டில் டேங்க் எஞ்சினைவிடத் தாழ்ந்துபோய் வண்டி மூச்சுவிட மறுக்கும் என்பதால் மலைப்பகுதிகளில் அதைப் பின்னோக்கி ஏற்றினார்கள். புதுக்கோட்டையில் அந்தத் தொல்லை குறைவு. இங்கே வேறு தொல்லை. செம்புராங்கல் சரளை போட்ட சாலையில் வண்டி மணிக்கணக்காக அதிரும். அக்கால டேங்குகள் பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு ஏற்றிய மெல்லிய இரும்புத் தகட்டை மடித்து, மூட்டுகளைப் பற்றவைத்துச் செய்தவை. அதிர்வில் முதலில் விட்டுக்கொடுப்பது அந்த மூட்டு. அடுத்தது டேங்கை இறுக்கிப் பிடிக்கும் பட்டைக்கு அடியில் தகடு உரசும் இடம். மூன்றாவது உள்ளிருந்து வரும் கேடு. மழைக்காலத்தில் டேங்கின் உட்சுவரில் ஈரம் பூக்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அடியில் போய்த் தங்கும். பூச்சு விட்ட இடத்தில் துரு அரிக்கும். வெளியே ஊசிமுனைத் துளையாகத் தெரியும்போது உள்ளே காசளவு அரித்திருக்கும். எனவேதான் அனுபவப்பட்ட டிங்கர் துளையை அடைக்குமுன் சுற்றுப்புறத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். நல்ல தகடு கணீரென்று சொல்லும், அரித்த தகடு மொத்தென்று கேட்கும்.

அந்தத் துளையை அடைக்கும் அறிவு இந்த ஊருக்குப் புதிதல்ல. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் தெருத்தெருவாக வந்துபோன காலம் அது. பாத்திரத்தைக் கரி அடுப்பில் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவித் துணியால் துடைத்தால் வெண்புகை கிளம்பி உலோகத்தின் அழுக்குத்தோல் கழன்றுவிடும். அதன்மேல்தான் வெள்ளீயம் பிடிக்கும். டேங்குக்குப் பற்றுவைக்கும் செப்புக்கோலின் முனையைத் தீட்டுவதும் அதே நவச்சாரத்தால்தான். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விளக்கும் புனலும் முகத்தல் அளவையும் செய்த தகரவேலைக்காரருக்கு மூட்டை மடிப்பதும் பற்றவைப்பதும் அன்றாடத் தொழில். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைச் செந்தணலில் விரித்து மாட்டித் தண்ணீர் ஊற்றி இறுக்கிய கொல்லருக்கு, உலோகம் சூட்டில் எவ்வளவு நீளும், குளிரில் எவ்வளவு சுருங்கும் என்பது கைக்கணக்கு. பஸ்ஸின் உடல்கூட்டை மரத்தில் கட்டியவர் தச்சர். அமெரிக்காவிலிருந்து வந்தது எஞ்சினும் அடிச்சட்டமும்; அவற்றை ஒரு பஸ்ஸாக்கி, பஸ்ஸாகவே காப்பாற்றியவை இந்த ஊர்க் கைகள்.

ஆனால் ஒரு விஷயத்தை அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது; அதைக் கற்ற விதம் கவனிக்கத்தக்கது. பாத்திரம் வெடிக்காது, பெட்ரோல் டேங்க் வெடிக்கும். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறியில் வெடித்துவிடும். நிரம்பிய டேங்கில் ஆவி தங்க இடமே குறைவு. இருக்கும் கொஞ்சமும் பற்ற முடியாத அளவு அடர்த்தியாக இருக்கும். காலி டேங்கில்தான் காற்றும் ஆவியும் சரியான விகிதத்தில் கலக்கின்றன. அதாவது, பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். பட்டறை வழக்கு இதற்கு ஒரு முறையைக் கண்டது. டேங்கைக் கழற்றி வடித்து, சலவைச் சோடா கலந்த வெந்நீரை ஊற்றிக் குலுக்கிக் கழுவி, மறுபடி கழுவி, வாசனை போகும்வரை வாயைத் திறந்து வெயிலில் வைப்பது. பிறகு துளை மேலே வரும்படி சாய்த்துவைத்து, துளைக்கு ஒரு விரற்கடை கீழ்வரை தண்ணீர் நிரப்புவது. ஆவிக்கு இடமே இல்லாமல் போகும். கடைசியில் தீயை டேங்குக்குக் கொண்டுபோகாமல், தள்ளி இருக்கும் கரி அடுப்பில் காய்ந்த செப்புக்கோலை மட்டும் டேங்குக்குக் கொண்டுவருவது. இதில் ஒவ்வொரு படிக்கும் தெளிவான காரணம் இருக்கிறது. எழுதிவைத்த புத்தகமில்லாமல் கைமாறி வந்ததாலேயே இதை அறிவியல் அல்லாதது என்று ஒதுக்க முடியாது.

பிரேக் கதை வேறு. சமவெளி மாட்டுவண்டிக்குத் தனி பிரேக் பெரிதாகத் தேவைப்பட்டதில்லை. கயிற்றை இழுத்தால் மாடு நிற்கும், மாட்டோடு வண்டியும் நிற்கும். நிற்கும் அறிவை உயிரிடமிருந்து எடுத்து உலோகத்திடம் கொடுத்தது மோட்டார். ‘மாடல் டி’யில் கால்பெடல் சக்கரத்தைப் பிடிக்கவில்லை. கியர்ப் பெட்டிக்குள் சுழலும் உருளையைப் பருத்தி நெய்த பட்டை ஒன்று இறுக்கிப் பிடித்தது. கைப்பிடி மட்டுமே பின்சக்கரங்களைப் பிடித்தது. பருத்தி தேய்ந்தால் புதுப் பட்டை தைக்க வேண்டும். பின்னால் வந்த வண்டிகளில் சக்கரத்துக்குச் சக்கரம் டிரம்மும் ஷூவும், அவற்றை இழுக்கக் கம்பிகளும் வந்தன. நாலு கம்பியும் ஒரே அளவில் இழுக்காவிட்டால் பிரேக் போடும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கமாகப் பாயும். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897-இல் தொடங்கிய ஃபெரோடோ நிறுவனம் போன்றவை கல்நார் கலந்த லைனிங்கைப் பரப்பின. பழைய லைனிங்கை உளியால் கழற்றி, புதியதை வளைவுக்குப் பொருத்தி, செம்பு ரிவெட்டின் தலை உள்ளே அமிழும்படி குழித்து அறைய வேண்டும். நடு ரிவெட்டில் தொடங்கி இரு ஓரங்களை நோக்கிப் போனால்தான் லைனிங் உப்பாமல் ஷூவோடு ஒட்டிப் படியும். ரிவெட் தலை வெளியே தெரியும்வரை ஓட்டினால் அது டிரம்மைக் கீறிவிடும். கீறிய டிரம்மைக் கடைசலில் சீவலாம். மிகுதியாகச் சீவினால் டிரம் மெலிந்து சூட்டில் விரிந்து பிரேக்கே பிடிக்காது. வெள்ளாற்றிலும் காட்டாறுகளிலும் தண்ணீர் போகும் நாட்களில் தரைப்பாலத்தைக் கடந்து ஏறிய டிரைவர், அடுத்த சிறிது தூரம் பெடலை லேசாக மிதித்தபடியே போவது டிரம்மின் ஈரத்தை உரசல் சூட்டில் உலர்த்தத்தான்.

பிறகு எண்ணெய் பிரேக் வந்தது. 1921-இல் டூசன்பெர்க், 1924-இல் கிரைஸ்லர். ஃபோர்டு 1939 வரை பிடிவாதமாகக் கம்பியையே நம்பியது. இப்போது வேலை கொல்லர் கையிலிருந்து வேறொரு நுட்பத்துக்கு மாறியது: சிலிண்டர், அதற்குள் ரப்பர் வாஷர், மெல்லிய குழாய், திரவம். ஆரம்பகாலப் பிரேக் திரவம் ஆமணக்கெண்ணெயும் சாராயவகையும் கலந்தது. இயற்கை ரப்பருக்கு ஆமணக்கெண்ணெய் பகையல்ல. எஞ்சின் ஆயில் பகை. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் வாஷர்கள் ஊதிப்போய்ச் சிலிண்டருக்குள் சிக்கிக்கொள்ளும், பிரேக் விடவே விடாது. ‘ஏதோ ஓர் எண்ணெய்’ என்ற எண்ணம் எத்தனை ஆபத்தானது என்பதை முதல் தலைமுறை மெக்கானிக்குகள் இப்படித்தான் படித்திருக்க வேண்டும். இன்று புழங்கும் டாட் 3 திரவம் புதிதில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தைக் குடித்துப் பழசானால் 140 பாகையிலேயே கொதித்துவிடலாம். அந்த ஈரம்தான் சிலிண்டரின் உட்சுவரைச் சொறியச் செய்கிறது. சொறிந்த சுவர் வாஷரின் விளிம்பை அறுக்கிறது. குழாயில் காற்று புகுந்துவிட்டால் பெடல் பஞ்சை மிதித்தது போல் இறங்கும். அப்போது ஒருவர் இருக்கையில், இன்னொருவர் சக்கரத்துக்கு அடியில். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, ‘மிதி, பிடி, விடு’ என்ற மூன்று சொல்லில், கண்ணாடிப் பாட்டிலில் குமிழி நிற்கும்வரை அந்த வேலை நடக்கும். எந்த மெக்கானிக் ஷெட்டிலும் இன்றும் இதைக் காணலாம்.

இந்த இடத்தில் ஒரு வலுவான ஆட்சேபம் எழும். இதெல்லாம் ஒட்டுவேலை, பணமும் உதிரிபாகமும் இல்லாத ஊரின் கையாலாகாத்தனத்தைத் திறமை என்று கொண்டாடுகிறோம், நல்ல நாடுகளில் ஓட்டை டேங்கைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதியது போடுவார்கள் என்பார்கள். வறுமை காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒட்டுவேலை என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைப்பது தவறு. டேங்கையும் பிரேக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பட்டறை வழக்கில் இரண்டு வெவ்வேறு நியாயங்கள் இருப்பது தெரியும். டேங்க் ஒழுகினால் அது தன்னைத்தானே அறிவித்துவிடும். வாசனை வரும், தரையில் கறை தெரியும். எனவே அங்கே தற்காலிக வைத்தியத்துக்கு இடமுண்டு. பார் சோப்பைப் பிசைந்து துளையில் அப்பினால் பெட்ரோல் சோப்பைக் கரைக்காது என்பதால் ஊர்போய்ச் சேரும்வரை தாங்கும். பிறகு ஈயப்பற்று, இக்காலத்தில் எம்-சீல். பிரேக் கோளாறு அப்படி அறிவித்துக்கொண்டு வராது. கடைசியாக மிதிக்கும் நொடியில்தான் வெளிப்படும். எனவே வெடித்த பிரேக் குழாயைச் சுற்றித் துணி கட்டுகிறவரை நல்ல மெக்கானிக் என்று எவரும் சொல்வதில்லை. வாஷரை மாற்று, குழாயை மாற்று, இல்லையென்றால் வண்டியை எடுக்காதே என்பதுதான் அங்கே விதி. எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது என்று பிரித்தறிவதைத்தான் தேர்ச்சி என்கிறோம். விதியை மீறியவர்கள் இருந்தார்கள், உயிர்களும் போயின என்பது உண்மை. மீறினவர்கள் இருந்ததால் விதியே இல்லை என்றாகிவிடாது.

அடுத்த ஆட்சேபம், பணம் படைத்தவர்கள் வாங்கியிராவிட்டால் பழுதுபார்க்க என்ன இருந்திருக்கும் என்பது. நியாயமான கேள்வி. ஆனால் புதுக்கோட்டையின் காலவரிசை இதற்குச் சுவையான பதில் தருகிறது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் ஆஸ்திரேலியப் பெண்மணி மோலி ஃபிங்கை மணந்தார். அதன்பின் பெரும்பாலும் வெளிநாட்டிலேயே வாழ்ந்து 1928-இல் பாரிஸில் காலமானார். அடுத்துப் பட்டத்துக்கு வந்த ராஜகோபாலத் தொண்டைமான் அப்போது சிறுவர். அதாவது மோட்டார் இந்தச் சாலைகளில் வேரூன்றிய காலத்தில் அரசர் ஊரிலேயே இல்லை. ராயவரம், அரிமளம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, பனையப்பட்டி எனச் சமஸ்தான எல்லைக்குள் இருந்த நகரத்தார் ஊர்களுக்குப் பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் பணம் வந்தது, அந்தப் பணத்தில் கார்களும் வந்தன. ஆனால் 1942-இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைப் பிடித்ததோடு அந்த ஊற்று அடைபட்டது. அதன்பிறகு கார் கொட்டகையில் நின்ற வண்டியை மாற்றப் பல வீடுகளுக்கு வசதியில்லை. இருந்த வண்டியை ஓட்டுவதென்றால் பட்டறைக்காரரைத்தான் நம்பவேண்டும். செல்வம் காரைக் கொண்டுவந்தது. செல்வம் போனபின்பும் கார் ஓடியது. அந்த இரண்டாவது உண்மைக்குத்தான் விளக்கம் வேண்டும்.

போர்க்காலம் இதை இன்னும் துல்லியமாகக் காட்டுகிறது. பெட்ரோல் கிடைக்காமல் போகவே சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்ற கரிவாயுக் கலனைத் தயாரித்தது. தமிழ்நாட்டுச் சாலைகளில் கரி பஸ்கள் ஓடின. அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் ஹைட்ரஜனும் கலந்த எரிவாயு கிடைக்கும். அதைக் குளிர்வித்து, சாம்பலை வடிகட்டி, எஞ்சினுக்குள் இழுக்க வேண்டும். எஞ்சினின் வலு நன்றாகவே குறையும், காலையில் கிளப்புவதற்கே நேரம் பிடிக்கும். இந்தக் கலன் என்பது என்ன? ஒரு தகட்டு உருளை, ஒரு வடிகட்டி, நீண்ட குழாய், ஏராளமான மூட்டுகள். எஞ்சின் உறிஞ்சும் குழாயில் ஒரு மூட்டு விட்டால் வெளிக்காற்று புகுந்து எரிபொருள் கெடும். கொட்டகைக்குள் கசிந்தால் மணமில்லாத நச்சுவாயு ஆளைக் கொல்லும். ஆக, பெட்ரோல் டேங்கின் மூட்டை அடைத்துப் பழகிய அதே கைகள் இல்லாமல் கரி பஸ் ஒரு வாரம்கூட ஓடியிருக்காது. எரிபொருளே மாறியபோதும் மாறாமல் தேவைப்பட்டது மூட்டு ஒழுகாமல் காக்கும் திறமைதான்.

சுதந்திரத்துக்குப் பின் 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு, திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. மோட்டார் உலகில் வேறொரு கதவு சாத்தப்பட்டது. 1928 முதல் பம்பாயில் வண்டி பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸும், அதே காலத்திய ஃபோர்டும் 1950-களின் நடுவில் கடையைக் கட்டின. இறக்குமதி இறுகியது. அம்பாசடரும் ஃபியட்டும் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டும் மட்டுமே வாங்கக் கிடைத்தன. அவற்றுக்கும் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பழைய செவர்லே, பிளைமவுத், ஃபோர்டு, மோரிஸ் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்த ஆலைகளே கடல்கடந்து இருந்தன. இந்தக் காலத்தில்தான் கடைசல் பட்டறை உச்சத்துக்கு வந்தது. சொறிந்த வீல் சிலிண்டரைப் பெரிதாகக் குடைந்து, உள்ளே பித்தளை உறை இறக்கி, பழைய அளவுக்குத் தீட்டிவிட்டால் கிடைக்கிற வாஷர் பொருந்திவிடும். ஒரு வண்டியின் டிரம், இன்னொரு வண்டியின் ஷூ என்று பொருத்தும் கணக்கை மெக்கானிக்குகள் மனத்தில் வைத்திருந்தார்கள்.

1962-இல் சென்னை பாடியில் டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்தின் கெர்லிங் பிரிவும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. அதே ஆண்டில் காற்று பிரேக்குக்காக சுந்தரம் கிளேட்டன் பிறந்தது. தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலையில் பஸ் விட்டவரின் குடும்பம் அரை நூற்றாண்டுக்குள் நாட்டுக்கே பிரேக் செய்து கொடுக்கும் இடத்துக்கு வந்தது. இதில் பட்டறைக்குப் பங்கில்லை, வரைபடமும் இயந்திரமும் இங்கிலாந்திலிருந்து வந்தன, மூலதனமும் வங்கிக் கடனும்தான் காரணம் என்று வாதிடலாம். வரைபடம் வெளியிலிருந்து வந்தது மெய்தான். ஆனால் வேறு எத்தனையோ பொருள் செய்யலாம் என்றிருக்க, பிரேக், சக்கரம், மின்பொறி, போல்ட் நட்டு என்று இந்தக் குழுமம் தேர்ந்தெடுத்தவை எல்லாம் ஓடும் வண்டியில் அடிக்கடி மாற்றவேண்டியவை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தப் பாகம் எத்தனை மைலில் சாகும் என்பது பஸ் ஓட்டியவனுக்கும் உதிரிபாகக் கடை வைத்தவனுக்கும்தான் தெரியும். அந்த அறிவு தினசரி பட்டறையில் கழற்றிப்போட்ட குப்பையிலிருந்து வந்தது என்றே நான் கருதுகிறேன்.

இவ்வளவு சொன்னபின் இந்தத் தொழில் கேட்ட விலையையும் சொல்லாமல் விடக்கூடாது. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்திருக்கும் தூளை வாயால் ஊதித் தள்ளுவது வழக்கம். அந்தத் தூள் கல்நார், நுரையீரலை அரிப்பது. டேங்கிலிருந்து குழாய்வழி பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுத்தார்கள். 2000-ஆம் ஆண்டுவரை அந்தப் பெட்ரோலில் ஈயச் சேர்மமும் இருந்தது. பற்றுவைக்கும் புகையிலும் ஈயம். பத்துப் பன்னிரண்டு வயதில் பட்டறைக்கு வந்த பையன்கள் இதற்கிடையில்தான் வளர்ந்தார்கள். கையுறையும் முகமூடியும் தராத ஒரு தொழில்முறையைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனமில்லை. அவர்கள் செய்த வேலையின் தரத்தைப் போற்றுவதும், அவர்கள் உடம்பு பட்ட பாட்டுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை என்று கோபப்படுவதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

இன்று பழைய கார்களுக்கு மறுபடி மதிப்பு வந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ஐம்பது ஆண்டு கடந்து தம் மூல வடிவில் பேணப்படும் வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனிப் பதிவு கொடுத்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். நல்ல ஏற்பாடு. ஆனால் மூல வடிவு என்ற சொல் பழைய கார் ஆர்வலர்களிடம் போய்ச் சேரும்போது ஒரு விபரீதம் நேர்கிறது. ஆலையிலிருந்து வந்த அன்றிருந்த நிலையே மூலம் என்று கொண்டு, இடையில் இந்த ஊர் செய்த வேலைகளையெல்லாம் கறையாக நினைத்துச் சுரண்டி எடுக்கிறார்கள். டெட்ராய்ட்டில் செய்த டேங்க் புதுக்கோட்டையில் நாற்பது வருஷம் ஓடியது ஐந்தாறு ஈயப்பற்றுகளின் தயவில் என்றால், அந்தப் பற்றுகளும் அந்த வண்டியின் வரலாறுதான். பாதுகாப்பு என்னாவது என்றால், பதில் பட்டறை வழக்கிலேயே இருக்கிறது. பிரேக்கில் பழமை பார்க்க வேண்டாம். புது ரப்பர், புதுக் குழாய், துருவேறா எஃகு உறை இறக்கிய சிலிண்டர், கல்நார் இல்லாத லைனிங் எல்லாம் போடட்டும். டேங்கிலும் இப்போது எச்சரிக்கை வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் குழாயை இளக்கும். ஈய–வெள்ளீயப் பூச்சையும் பற்றையும் நாளடைவில் அரிக்கக்கூடும். ஓட்டுவதற்கு மாற்று டேங்க் செய்துகொள்ளலாம், உட்பூச்சும் போடலாம். கழற்றிய டேங்கை எடைக்குப் போடாமல், எந்த வண்டியுடையது, எந்தெந்த இடத்தில் பற்று என்று சீட்டு எழுதிக் கட்டி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

அதைவிட அவசரமாகச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. திருக்கோகர்ணத்தில் 1910 முதல் இயங்கும் அருங்காட்சியகம் இந்த மாவட்டத்தின் செப்புத்திருமேனிகளையும் ஆயுதங்களையும் நாணயங்களையும் காத்துவருகிறது. அதில் ஓர் அறையில் செப்புப் பற்றுக்கோல், நவச்சாரக் கட்டி, ரிவெட் அறையும் அச்சு, பற்றுவைத்த டேங்க், உறையிறக்கிய வீல் சிலிண்டர், தேய்ந்த லைனிங் ஆகியவற்றுக்கும் இடம் கொடுக்க வேண்டும். அவற்றோடு, எண்பது வயதைத் தொட்டிருக்கும் மெக்கானிக்குகள் தங்கள் வாயால் சொல்லும் வேலைமுறைகளை ஒலிப்பதிவு செய்து வைக்க வேண்டும்: டேங்கை எப்படிக் கழுவினார்கள், தட்டிப் பார்த்து எதைக் கேட்டார்கள், எந்த வண்டிக்கு எந்த டிரம் பொருந்தியது. கருவிகள் இன்னும் சில வருஷம் பரணில் கிடக்கும், மனிதர்கள் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே பதிவு முதலில், கண்ணாடிப் பேழை பிறகு.